நடுத்தர விலை மதர்போர்டு: ஓவர்கிளாக்கிங் செய்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்

மதர்போர்டை மட்டும் மாற்றிவிட்டு கேமில் ஃபிரேம் வேகம் ஏறும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். ஒரே செயலியையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் நடுத்தர விலை போர்டிலும் அதைப்போல் இருமடங்கு விலையுள்ள போர்டிலும் பொருத்தி, இயல்பு அமைப்புகளில் ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் இராது. போர்டின் தரம் வெளிப்படுவது வேறோர் இடத்தில்: ஓவர்கிளாக்கிங் செய்து, அதாவது செயலியை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டி, அது எட்டிய வேகத்தில் எவ்வளவு நேரம் தடுமாறாமல் நிற்கிறது என்பதில்.

ஆகவே முதலில் செயலியை முடிவு செய்துவிட்டுத்தான் போர்டைத் தேட வேண்டும். இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்து வருபவற்றின் பெருக்கியை (அடிப்படைக் கடிகார வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) மட்டுமே பொதுவாக உயர்த்த முடியும். அதற்கும் இசட்690, இசட்790, இசட்890 போன்ற இசட் வரிசை சிப்செட் (போர்டின் இணைப்புகளையும் வசதிகளையும் நிர்வகிக்கும் சிப்) வேண்டும். பி760 போர்டில் ரேமின் வேகத்தை உயர்த்தலாம், செயலியின் பெருக்கியை உயர்த்த இயலாது. ஏஎம்டியில் நிலைமை தாராளமானது: பி650, பி850 ஆகிய நடுத்தர சிப்செட்டுகளே செயலி ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்கின்றன, ஏ620, பி840 ஆகியவை அனுமதிப்பதில்லை. எனினும் ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற செயலியில் பெருக்கி பூட்டப்பட்டிருப்பதால், கர்வ் ஆப்டிமைசர் மூலம் மின்னழுத்தத்தைக் குறைத்து, மிச்சமாகும் வெப்ப வரம்பைச் செயலியே வேகமாக மாற்றிக்கொள்ளும்படி விடுவதுதான் வழி. அப்படிப்பட்ட செயலிக்கு மிக வலுவான போர்டு வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு.

அடுத்தது விஆர்எம் என்னும் மின்னழுத்தச் சீராக்கி. போர்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைச் செயலிக்குத் தேவையான ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு இறக்கிக் கொடுப்பது இதன் வேலை. கணக்கு எளியது: 1.25 வோல்ட்டில் 200 வாட் இழுக்கும் செயலிக்கு 160 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். மாற்றும் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், ஏறத்தாழ 22 வாட் அந்தச் சிறு பகுதியிலேயே வெப்பமாக வெளியேறும். அந்த வெப்பத்தைக் கடத்த முடியாத போர்டில், செயலியின் கூலர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சற்று நேரத்தில் விஆர்எம் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தை இறக்கிவிடும்.

விஆர்எம் மின்னோட்டத்தை ஃபேஸ் எனப்படும் பல இணைச் சுற்றுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது; பெட்டியின் மேல் ‘16 ஃபேஸ்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கட்டுப்பாட்டுச் சிப் 8 ஃபேஸ்களையே இயக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் ஸ்டேஜ்களை (மின்னோட்டத்தைத் தாங்கிக் கடத்தும் சிப்கள்) இணைத்திருக்கலாம். அது ஏமாற்று வேலையன்று, நல்ல வடிவமைப்பாகவே இருக்கக்கூடும்; ஆனால் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் 50 ஆம்பியருக்கானதா, 80 ஆம்பியருக்கானதா என்பதும், அவற்றின் மேல் உட்காரும் ஹீட்சிங்க் காற்றுப் புகும்படி மடிப்புகள் வெட்டிய கனமான உலோகமா, அழகுக்காக ஒட்டிய வெறும் மூடியா என்பதும் முக்கியம். லிக்விட் கூலர் வைப்பவர்கள் இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். காற்றுக் கூலரின் விசிறியிலிருந்து செயலியைச் சுற்றிப் பரவும் காற்று அவர்களுடைய விஆர்எம்முக்குக் கிடைப்பதில்லை. வாங்கும் முன், நீண்ட நேரம் முழுச் சுமையில் விஆர்எம் வெப்பநிலையை அளந்து காட்டும் விமர்சனம் ஒன்றையாவது படித்துவிடுவது நல்லது.

ரேம் விஷயத்தில், போர்டு ஆதரிப்பதாக விளம்பரத்தில் கொடுத்திருக்கும் உச்ச வேகம் ஒரே ஒரு ஸ்டிக்கோடு, தேர்ந்தெடுத்த செயலியோடு எட்டியதாகவும் இருக்கலாம். ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு டிடிஆர்5-6000 (6000 வேகமுள்ள டிடிஆர்5 வகை ரேம்) போதுமானது. அதற்கு மேல் செலவழிக்கும் பணத்துக்குக் கேமில் பலன் குறைவு. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் கணிசமாக இறங்கும் என்பதால், இரண்டு ஸ்டிக்குகளாகவே வாங்கிச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்துவது வழக்கம்.

பிசிஐஇ 5.0 தலைமுறை கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்காக மட்டும் விலையேற்றத்தை ஏற்க வேண்டியதில்லை. எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் எம்.2 ஸ்லாட்டுகளை எண்ணுவதோடு நில்லாமல், ஒன்றில் எஸ்எஸ்டி போட்டால் கேபிள் வழி டிரைவ்களை இணைக்கும் எந்த சாட்டா போர்ட் முடங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொண்டால் போதும்.

போர்டைத் துவக்கி இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் ஆதரவைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகியபோது, எஸ்ஓசி மின்னழுத்தத்தை (செயலிக்குள் இருக்கும் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி போன்றவற்றுக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியதும், 2024-இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகளின் நிலையின்மைக்குத் திருத்தம் வந்ததும் பயாஸ் புதுப்பிப்பாகத்தான். எனவே தேர்ந்தெடுத்த மாடலுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வருகின்றனவா என்று தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் தேதிகளைப் பார்க்க வேண்டும். செயலி இல்லாமலேயே யூஎஸ்பி வழியாகப் பயாஸை ஏற்றும் பொத்தானும், சிமாஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) அழிக்கும் பொத்தானும், எந்தக் கட்டத்தில் துவக்கம் நின்றது என்று காட்டும் சிறு விளக்குகளும், ஓவர்கிளாக்கிங் செய்பவருக்கு வண்ண விளக்குகளைவிடப் பலமடங்கு பயன்படும்.

போர்டைப் பொருத்தி முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருந்தால் பதற்றம் வேண்டாம். டிடிஆர்5 ரேமைப் போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது. அந்த இடைவெளியில் மின்சாரத்தைத் துண்டித்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.