தங்கமீனை மயக்கி நங்கூரப் புழுவை எடுப்பது எப்படி?

தங்கமீனின் செதில்களுக்கு நடுவே வெள்ளை நூல்துண்டு ஒன்று தொங்குகிறதா? நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் அது நங்கூரப் புழுதான். பிரிந்த நுனி அதன் முட்டைப் பை. தலை சதைக்குள் புதைந்திருக்கும். துள்ளுகிற மீனை இறுக்கிப் பிடித்துப் பிடுங்கினால் புழு பாதியில் அறுந்துவிடும், மீனின் வழவழப்பும் உரிந்துவிடும். அதனால் முதலில் மயக்கம்.

மீன் ஆய்வகங்களில் இதற்கு எம்.எஸ். 222 என்ற பொடி உண்டு. வீட்டுக்குக் கிராம்புத் தைலமே போதும். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்போமே, அதேதான். மயக்குவது அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள். வேறு எண்ணெய் கலக்காத சுத்தத் தைலமா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். மறுநாள் இரண்டு வாளிகளில் மீன் தொட்டித் தண்ணீரையே எடுங்கள். ஒன்று மயக்க, 10 லிட்டர் அளந்து. மற்றது தெளிய வைக்க. இரண்டிலும் ஏர் பம்ப் ஓடட்டும்.

அடுத்து கலவை. இதில்தான் நான் முதல் தடவை சொதப்பினேன். தைலத்தை நேராக வாளியில் சொட்டினேன். அது மேலே திட்டுத்திட்டாக மிதக்க, மீன் மிரண்டு வாளியைச் சுற்றியது. தைலம் தண்ணீரில் லேசில் கரையாது. 1 மில்லி சிரிஞ்சில் 0.4 மில்லி அளந்து, சிறு கண்ணாடிப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து, பால் போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். பாதியை மட்டும் வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு, மீனை விடுங்கள்.

இனி கண் மீனைவிட்டு நகரக்கூடாது. முதலில் நீச்சல் தள்ளாடும், பிறகு ஒரு பக்கமாகச் சாயும். மூன்று, நான்கு நிமிடமாகியும் சாயவில்லை என்றால், மிச்சத்தைக் குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். வாலை லேசாகக் கிள்ளினாலும் அசையாமல், ஆனால் செவுள் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், அதுதான் சரியான பதம். செவுள் நின்றுபோனால் புழுவை மறந்துவிடுங்கள். உடனே தெளியும் வாளிக்கு மாற்றுங்கள்.

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கி ஈரத்துணியில் கிடத்துங்கள். சாமணத்தால் புழுவைத் தோலை ஒட்டிப் பிடித்து, அது சாய்ந்திருக்கும் வாக்கிலேயே நிதானமாக இழுங்கள். காயத்தில் மட்டும் பஞ்சால் பெட்டாடைன் ஒற்றுங்கள். செவுளிலோ கண்ணிலோ படக்கூடாது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு, மூன்று புழு இருந்தால் மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் தெளியும் வாளி. செவுள் அசைவு மந்தமாக இருந்தால் மீனை நிமிர்த்திப் பிடித்து, முன்பக்கமாக மெல்லத் தள்ளிக்கொடுங்கள். வாய் வழியே போன தண்ணீர் செவுள் வழியே வரும். பின்னால் இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்து நீந்தும்.

மயக்கிய தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். சாப்பிட வளர்க்கும் மீனுக்கும் இந்த வேலை வேண்டாம். பிடுங்கிய புழு போனாலும் அதன் குஞ்சுகள் தொட்டியில் இருக்கும். தொட்டிக்குத் தனி வைத்தியம் பார்க்காவிட்டால் சில வாரத்தில் மறுபடி சாமணத்தோடு உட்கார வேண்டியதுதான்.