பழைய காருக்கு டச்சப்: ஷேடுக்கு முன்னால் பெயின்ட் வகையைக் கண்டுபிடியுங்கள்

மட்கார்டில் உள்ளங்கை அளவு துரு. டிங்கரிங் முடிந்துவிட்டது, இனி பெயின்ட். கடையில் முதலில் "என்ன ஷேடு?" என்றுதான் கேட்பார்கள். ஹெரால்டு, அம்பாசிடர், பத்மினி மாதிரி வண்டிகளுக்கு அது இரண்டாவது கேள்வி. இப்போது மேலே இருப்பது என்ன வகைப் பெயின்ட் என்று தெரியாமல் தின்னர்கூட வாங்காதீர்கள். ஷேடு தவறினால் திட்டாகத் தெரியும், அவ்வளவுதான். வகை தவறினால் அடியில் இருக்கும் பழைய பெயின்ட்டும் சுருங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

பஞ்சு சோதனை

சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். வெயிலில் வெளுத்த பெயின்ட்டின் மேல்தூள் பஞ்சில் ஒட்டி ஏமாற்றும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு கதவின் உள் ஓரம் மாதிரி மறைவான இடத்தில், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

நிறம் கரைந்து பஞ்சில் வந்தால் என்.சி. லாக்கர், அதாவது பழைய ஆட்கள் சொல்லும் டூகோ. கரையாமல் மெத்தென்று ஆகிச் சுருங்கினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ஹார்டனர் (இறுகவைக்கும் பொருள்) கலந்து அடித்த பி.யு. (பாலியூரிதேன்).

ஒரே வண்டியில் இடது கதவு என்.சி., வலது கதவு பி.யு. என்று இருப்பது சாதாரணம். எத்தனை கை மாறிய வண்டியோ! அதனால் ரிப்பேர் செய்யும் பேனல் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதியுங்கள்.

எதன் மேல் எது

என்.சி. மேல் என்.சி. தாராளமாக அடிக்கலாம். எனாமல் மேல் என்.சி. நேரடியாக அடிக்கவே கூடாது. அந்தத் தின்னர் எனாமலைக் கிளப்பிவிடும். நன்றாகக் காய்ந்து இறுகிய பி.யு. மேல் எதையும் அடிக்கலாம், 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்திருந்தால் போதும். எனாமல் மேலோ என்.சி. மேலோ பி.யு. வேண்டுமென்றால் நடுவில் எபாக்ஸி பிரைமர் (அடியில் இருப்பதை மூடும் அடிப்பூச்சு) கட்டாயம். முதல் கோட்டை மெல்லியதாக அடித்து, அதன் ஈரம் இழுத்த பிறகு அடுத்தது. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் பழைய பெயின்ட்டின் ஓரம் கோடாகப் பொங்கும்.

தகரம் தெரியும்வரை சுரண்டிய இடத்துக்கு என் தேர்வு எபாக்ஸிதான். சும்மா ரெட் ஆக்ஸைடு அடித்து மூடுவது நம்மூர் உப்புக் காற்றுக்குத் தாங்காது.

பட்டி

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பள்ளத்தை நிரப்பும் பாலியெஸ்டர் பட்டி 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், ஹார்டனரில் மிஞ்சிய பெராக்ஸைடு மேல் பெயின்ட்வரை ஏறி, வெள்ளையிலும் வெளிர் நீலத்திலும் மஞ்சள் கறையாகத் தெரியும். அதன்பின் எத்தனை கோட்டு அடித்தாலும் போகாது. சுரண்டித்தான் ஆக வேண்டும். பட்டியைத் தகரத்தின் மேலோ எபாக்ஸி மேலோ போடுங்கள். பழைய என்.சி., எனாமல் ஓரத்தில் ஏற்றாதீர்கள்.

ஷேடு

ரிப்பேர் ஒரு பேனல்தான் என்றால், ஃபேக்டரியில் அடித்த நிறத்தைத் தேடாதீர்கள். பானட்டும் கூரையும் கதவைவிட அதிகம் வெளுத்திருக்கும். ரிப்பேருக்குப் பக்கத்துப் பேனல் இன்று எப்படி இருக்கிறதோ, அதற்குத்தான் மேட்ச் செய்ய வேண்டும். அதையும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு வெளுப்பை எடுத்த பிறகு. முழு வண்டியும் அடிக்கிறீர்கள் என்றால் மட்டும் கதவு ரப்பருக்கு அடியிலும் டிக்கிக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கும் நிறத்தைப் பாருங்கள்.

மிக்ஸிங் கடைக்கு ஃபோட்டோ எடுத்துப் போகாதீர்கள். கழற்ற முடிகிற சின்னப் பாகம் ஒன்றைப் பாலிஷ் செய்து கொண்டுபோங்கள். மெஷின் ரீடிங் ஆரம்பம்தான், முடிவு கண்ணில். கலவைக் குச்சியில் இருக்கும் ஈரப் பெயின்ட்டை வைத்து "சரியா இருக்கு" என்று தலையாட்டிவிடாதீர்கள், சாலிட் நிறங்கள் (மெட்டாலிக் மினுக்கு இல்லாதவை) காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும். வண்டியில் அடித்த அதே பிரைமரைத் தகரத் துண்டில் அடித்து, அதன் மேல் அடிநிறம் மறையும்வரை பெயின்ட் அடித்து, மறுநாள் பேனலோடு ஒட்டவைத்துப் பாருங்கள். வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெளியே வந்தால் வேறாகத் தெரியலாம்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிளியர் கோட்டு (நிறமில்லாத மேல்பூச்சு) கிடையாது. ஒரு பேனலில் மட்டும் கிளியர் அடித்தால், ஷேடு அச்சாக இருந்தாலும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடிக்கும்போது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காற்றில் என்.சி. அடித்தால் பால் மாதிரி வெள்ளை படரும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதமாக்கும் திரவம்) சேருங்கள், அதற்கு மேல் போனால் காயவே காயாது. கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரையும் திறந்துவிடுங்கள்.

பி.யு.வுக்கு ஹார்டனர் விகிதம் டின்னிலேயே இருக்கும், 4:1 அல்லது 2:1. அளவுக்கோடு போட்ட கப்பில் அளந்து ஊற்றுங்கள். ஒரு பிராண்டு பெயின்ட்டுக்கு இன்னொரு பிராண்டு ஹார்டனர் வேண்டாம். ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் எதையும் தடுக்காது. சரியான ரெஸ்பிரேட்டர் இல்லை என்றால், பிரைமர்வரை நீங்கள் முடித்துவிட்டு மேல் கோட்டைப் பெயின்ட் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

கூடுதலாக ஒன்று: பழைய சிவப்பு, மெரூன் வண்டியில் வெள்ளை அடிக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் வெள்ளை அடித்து ஒரு நாள் விடுங்கள். ரோஸ் ஏறினால் அடிச் சிவப்பு கசிகிறது. மேலே எபாக்ஸி அடித்து மூடி, அதன் மேல் அதே நாணயச் சோதனையை மறுபடி செய்த பிறகுதான் முழுப் பேனலும்.