கேம் வீடியோவும் காப்பிரைட்டும்: நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கேம் சேனல் நடத்தும் பையன்களிடம் காப்பிரைட் பற்றிக் கேட்டால், "பத்து செகண்டுக்குள்ள எடுத்தா ஒண்ணும் வராதுண்ணா" என்பார்கள். அப்படி ஒரு சட்டம் இந்தியாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. ஐந்து விநாடி எடுத்தவர் மாட்டியதும் உண்டு, ஐந்து நிமிடம் எடுத்தவர் தப்பியதும் உண்டு. வீடியோவுக்குக் கீழே "காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை" என்று எழுதிவைப்பதும் இதே ரகம்தான். நன்றி சொல்லிவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. விளம்பரம் போடவில்லை என்பதும் முழுப் பாதுகாப்பு தராது.

அடுத்து 'ஃபேர் யூஸ்', அதாவது அனுமதி கேட்காமலே நியாயமான அளவு எடுத்துக்கொள்வது. இது அமெரிக்காவின் 1976-ம் வருடச் சட்டத்தில் 107-வது பிரிவு. நோக்கம் என்ன, மூலப்படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தோம், அதனால் அவர்கள் விற்பனை பாதிக்குமா என்று நான்கையும் நீதிபதி எடைபோடுவார். நம்முடைய 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இவ்வளவு தாராளம் இல்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ள அது சொல்லும் காரணங்கள் சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவை மட்டும்தான். களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தின் உயர் நீதிமன்றம், பிரபலமான ஒரு நாடகத்துக்குப் பதிலடியாக எழுதப்பட்ட எதிர்நாடக வழக்கில் 1996-ல் இதை நன்றாக அலசியிருக்கிறது. எடுத்த அளவும் அதன் மதிப்பும், எடுத்த நோக்கம், மூலத்துக்குப் போட்டியாகுமா என்ற மூன்றையும் பார்த்து எதிர்நாடகத்தை அனுமதித்தது. ஒரு கேமின் சண்டைக்காட்சியைக் காட்டி, "இந்த இடத்தில் கன்ட்ரோல் சொதப்புகிறது" என்று அலசினால் அது விமர்சனம். கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை வாய் திறக்காமல் ஓடவிட்டால் அது எந்த நாட்டுச் சட்டத்திலும் விமர்சனம் ஆகாது.

ஆனால் இதிலெல்லாம் கடைசி முடிவு வழக்கு வந்த பிறகு நீதிபதி கையில்தான். அதனால் ஃபேர் யூஸை நம்பிச் சேனல் தொடங்குவதே பெரிய தவறு என்பேன். கேம் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே அனுமதி எழுதி வைத்திருக்கின்றன, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. மைன்கிராஃப்ட் வீடியோவில் உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் விளம்பரப் பணம் எடுக்கலாம். நின்டென்டோ ஒரு காலத்தில் கறாராக இருந்து விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டது. 2018-ல் அதைக் கைவிட்டு, உங்கள் பேச்சோ கற்பனையோ சேர்ந்திருந்தால் போதும் என்றது. இந்த விஷயத்தில் நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. "எலே மக்கா, பின்னால வாரான் பாரு" என்று நீங்கள் பேசும் ஒவ்வொரு வரியும் உங்கள் சொந்தச் சரக்கு. வாயை மூடிக்கொண்டு போடும் வீடியோவைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு.

கதைதான் உயிர் என்றிருக்கும் கேம்களில் கூடுதல் கவனம் தேவை. 2017-ல் பெர்சோனா 5 வந்தபோது, கதைக்குள் வரும் ஒரு தேதிக்கு மேல் காட்டினால் ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறலுக்காகச் சேனல் மீது விழும் தண்டனைப் புள்ளி) வரலாம் என்று அதை உருவாக்கிய அட்லஸ் கம்பெனி எச்சரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் தேதியைத் தள்ளிவைத்தது. ஜப்பானில் 2023-ல் செண்டாய் நீதிமன்றம் ஒருவருக்கு, நிறுத்திவைக்கப்பட்ட 2 வருடச் சிறையும் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. கதை கேம் ஒன்றின் முடிவையும் அனிமே காட்சிகளையும் போட்டு விளம்பரப் பணம் பார்த்தார் என்பது குற்றம்.

சரி, நம்மவர்கள் அதிகம் மாட்டுவது எதில்? பாட்டு விஷயத்தில். கேம் கம்பெனி படத்துக்கு அனுமதி தந்தாலும், உள்ளே ஓடும் பாட்டு வேறொரு இசை கம்பெனியுடையதாக இருக்கும். ஜிடிஏ-வில் காரில் ஏறியதும் ரேடியோ பாடத் தொடங்குமே, அதுதான். ரெக்கார்ட் செய்யும் முன் ரேடியோவை அணைத்துவிடுங்கள். சைபர்பங்க் 2077 போன்ற கேம்களில் உரிமம் பெற்ற பாட்டுகளை நிறுத்துவதற்கென்றே செட்டிங் இருக்கிறது. அப்புறம், ஜெயித்த காட்சிக்குப் பின்னால் சினிமா பிஜிஎம் ஒட்டும் ஆசை. அடுத்தவர் பாட்டையும் படத்தையும் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதை உடனே பிடித்துவிடும்.

ஊரில் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடக்கும்போது ராத்திரி லைவ் போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களில் தெருவில் கட்டிய ஸ்பீக்கர் பாட்டு உங்கள் மைக்கிலும் ஏறும். மைக் செட்டுக்காரரிடம் சண்டை போட்டுப் பலனில்லை. ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது அன்றைக்கு லைவ் போடாமல் கேம் சத்தத்தையும் மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்யுங்கள். அப்போது பாட்டு ஏறிய இடத்தில் உங்கள் குரலை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி பேசிச் சேர்க்கலாம்.

இன்னொருவர் விளையாடிய கிளிப்பை எடுத்து ஷார்ட்ஸ் போடுவதும், பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) கேம் போட்டி ஒளிபரப்பை அப்படியே ஏற்றுவதும் வேறு கணக்கு. கேம் கம்பெனியின் அனுமதி அந்த ஆட்டக்காரரின் பேச்சுக்கும் போட்டி நடத்தியவரின் ஒளிபரப்புக்கும் பொருந்தாது. 2017-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு ரியாக்‌ஷன் வீடியோவை ஃபேர் யூஸ் என்றது உண்மை. ஆனால் அதில் கொஞ்சம் காட்டி, நிறுத்தி, வரிக்கு வரி கிண்டல் செய்திருந்தார்கள். மூலையில் முகத்தை வைத்துத் தலையாட்டுவது அந்தக் கணக்கில் வராது.

கிளெய்மையும் ஸ்ட்ரைக்கையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது 'இது என்னுடையது' என்ற உரிமைகோரல், வந்தால் பெரும்பாலும் விளம்பரப் பணம்தான் உரிமைக்காரருக்குப் போகும், சேனலுக்கு ஆபத்து இல்லை. பயந்துபோய் வீடியோவை அழிக்க வேண்டாம். பாட்டு வரும் பகுதியை யூடியூபிலேயே வெட்டலாம். ஸ்ட்ரைக் அப்படியில்லை, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. ஸ்ட்ரைக் தவறு என்று எதிர்மனு போடலாம், ஆனால் அதில் உங்கள் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவருக்குப் போகும். நம்ம கருங்கல் ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் சம்மதிக்கிறீர்கள். உங்கள் பக்கம் நியாயம் உறுதி என்றால் மட்டும் போடுங்கள்.

"ஸ்ட்ரைக் வந்திருக்கிறது, இந்த ஃபைலைத் திறக்கவும்" என்று வரும் மெயிலைத் தொடவே தொடாதீர்கள். உண்மையான ஸ்ட்ரைக் என்றால் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே தெரியும்.