ரோன் பள்ளத்தாக்கின் சிவப்பு ஒயினைப் பரிமாறும் முறை

பிரான்சின் தெற்கே, அவிஞோன் நகரைச் சுற்றியுள்ள ரோன் பள்ளத்தாக்கில் சிவப்பு ஒயினைப் பெரும்பாலும் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் ஆகிய திராட்சைகளைக் கலந்தே செய்கிறார்கள். கிரெனாஷ் கனிந்த பழச்சுவையையும் ஆல்கஹால் செறிவையும் தருகிறது. சிரா அடர்ந்த நிறத்தையும் மிளகு மணத்தையும், மூர்வெத்ர் துவர்ப்பையும் சேர்க்கின்றன. மிளகு மணம் என்பது வெறும் உவமை அன்று. கருமிளகில் உள்ள ரொட்டண்டோன் என்னும் சேர்மமே சிராவின் தோலிலும் இருக்கிறது.

முதற்படி, புட்டியைத் தேர்ந்தெடுப்பது. 1936-இல் தனிப்பெயர் உரிமை பெற்ற ஷாத்தோநெஃப் து பாப் என்னும் ஒயின் இப்பகுதியில் புகழ் மிக்கது, விலையும் மிக்கது. புதியவர்களுக்கு 'கோத் து ரோன் வில்லாஜ்' என்று அச்சிட்ட புட்டியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி, குளிர்வித்தல். நான் தவறியது இங்கேதான். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்துவிட்டு, டிசம்பர் மாதத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த சமையலறையிலேயே புட்டியை வைத்திருந்து ஊற்றினேன். மூக்கருகே கொண்டுபோனதும் ஆல்கஹாலின் நெடி அடித்தது, தொண்டை எரிந்தது, பழமும் மிளகும் இருந்த இடமே தெரியவில்லை. மீதியை மூடிக் குளிர்ந்த சன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் ஒரு மிடறு குடித்தபோது, அதே ஒயினில் மிளகு மணம் முதலில் எழுந்து, பின்னால் செர்ரியின் இனிமை மெல்ல வந்தது. 'அறை வெப்பநிலை' என்பது ஹீட்டர் இல்லாத பழைய வீடுகளின் அறையைக் குறித்த சொல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள இந்தக் கலவைக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் சூடே பொருந்தும். ஆகவே, புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ 40 நிமிடம் வைத்து எடுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் 8 நிமிடம் அமிழ்த்துங்கள். ஒயினுக்கென ஏதேனும் ஒரு கருவி வாங்குவதானால், விலை உயர்ந்த கோப்பைகளை விட்டுவிட்டு ஒரு சிறு வெப்பமானியை வாங்குங்கள்.

திறப்பதற்கு, உணவக ஊழியர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடிப்புத் திருகியே சிறந்தது. இரண்டு கைப்பிடிகள் உயரும் திருகிகளில் திருகு தடிமனாக இருந்தால் தக்கை பொடிந்துவிடும். இளம் ஒயினை அரைமணி நேரம் குடுவையில் ஊற்றி வையுங்கள்.

இனி உணவு. ஒயினின் துவர்ப்பு நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் நாக்கு வறள்கிறது; இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருக்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். தென்பிரான்சின் புரொவான்ஸ் பகுதி வீடுகளில் செய்யும் 'தோப்' இதற்கு மிகப் பொருத்தமானது. மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் இரவு முழுவதும் ஊறவைத்து, தைம் என்னும் மணமூலிகை, பூண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றோடு மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அவிஞோனில் ஆட்டிறைச்சியிலும் செய்வதுண்டு. முள்கரண்டியை வைத்ததும் இறைச்சி இழையிழையாகப் பிரிய வேண்டும். இறைச்சி உண்ணாதவர்கள் கத்தரிக்காயும் தக்காளியும் ஆலிவ் எண்ணெயில் குழைந்த 'ரட்டட்டூய்' என்னும் காய்கறிக் கூட்டையும், முதிர்ந்த செம்மறிப்பால் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ச்சத்துள்ள மீனைத் தவிர்த்துவிடுங்கள். வாயில் உலோகச் சுவை தட்டும். மிளகாய்க் காரமும் ஆகாது, ஏனெனில் ஆல்கஹால் அந்த எரிச்சலை மேலும் தூண்டிவிடும்.

பிற்சேர்க்கை: குளிர்வித்த பின் துவர்ப்பு கூடிவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். புட்டியைப் பெட்டியிலேயே மறந்து வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும், குளிர் மிகும்போது துவர்ப்பு முன்னே வந்து நிற்கும். ஒயினைக் கொட்டிவிட வேண்டாம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, அதன் வயிற்றுப்பகுதியை இரு உள்ளங்கைகளாலும் அணைத்தபடி சில நிமிடம் வைத்திருந்து, மிளகு மணம் எழுந்த பின் குடியுங்கள்.