80-க்கு 80 கட்டத்தில் மூளையைப் படிக்கும் முறை

ரேடியாலஜி மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இன்றைய கூர்மையான ஸ்கேன் அல்ல. 1970களின் தொடக்கத்தில், சி.டி. ஸ்கேனை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் தந்த, சதுரம் சதுரமாகத் தெரியும் தலைப்படம். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை எளிது.

படத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கிட்டத்தில் வெறும் கட்டங்கள்தான். தள்ளினால் மண்டையோட்டு வளையமும் உள்ளே மூளையும் தெளியும். அகலத்தில் 80, உயரத்தில் 80 கட்டங்கள். ஒவ்வொன்றும் 3 மி.மீ. வெட்டின், அதாவது ஒரு படம் காட்டும் குறுக்குத் துண்டின், தடிமனோ 13 மி.மீ. இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இடம், வலம் எது என்று குறியீட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஊகிக்க வேண்டாம்.

அடுத்து நடுக்கோடு. வெள்ளையும் கருப்பும் பிறகு. மூளையின் இரு பாதிகளும் ஒத்திருக்கின்றனவா, வென்ட்ரிக்கிள்கள் (மூளைக்குள் மூளைநீர் நிறைந்த அறைகள்) ஒருபுறம் நசுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தப் பழக்கம் ஸ்கேனுக்கும் மூத்தது. முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி குத்தி, மூளைநீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்-கதிர் படம் எடுப்பார்கள். நோயாளி கடுமையான தலைவலியாலும் வாந்தியாலும் துடிப்பார். அவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலும் கட்டி தெரியாது. அது எதைத் தள்ளியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு முதியவரின் படத்தில் வெள்ளைத் திட்டும் இல்லை, கருப்புத் திட்டும் இல்லை என்று "இயல்பு" என எழுதிவிட்டேன். என் ஆசிரியர் நசுங்கிய வென்ட்ரிக்கிளைத் தொட்டுக் காட்டினார். மூளையுறைக்கு அடியில் கசிந்த இரத்தம், இரண்டு மூன்று வாரங்களில் மூளையின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. மண்டையோட்டில் துளையிட்டு அதை வடித்த பிறகு அந்த முதியவர் நடந்தார். நடுக்கோட்டுக்கு முன் நிறத்தைப் பார்க்க நான் யாரையும் விடுவதில்லை.

இப்போது நிறம். எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் ஓர் எண் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்டு; எண் கூடக் கூட வெள்ளை. நீர் 0. புதிதாக உறைந்த இரத்தம் வெள்ளை. இரத்தம் கிடைக்காமல் மடிந்த பகுதி கருமை. பக்கவாதத்தில் கசிவா, அடைப்பா என்பதை மண்டையைத் திறக்காமலே பிரித்துக் காட்டியது இந்தக் கருவி. பழைய எண்களை இன்றைய அட்டவணையோடு ஒப்பிட்டால் இரண்டால் பெருக்குங்கள்: அன்றைய அளவுகோலில் காற்று -500, இன்று -1000.

அந்த 13 மி.மீ. இங்கேதான் ஏமாற்றும். வெட்டுக்குள் 6 மி.மீ. தடிமனில் இரத்தக்கட்டி இருக்கிறது என்று வையுங்கள். அதன் எண் 70, சுற்றியுள்ள மூளைக்கு 35. கட்டத்தில் பதிவது இரண்டும் கலந்த சராசரி, ஏறக்குறைய 51. சிறியது எதுவும் இப்படித்தான் வெளிறிப்போகும். ஆகவே மேல் வெட்டையும் கீழ் வெட்டையும் பாராமல் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். குறுக்கே கோடுகள் ஓடினால் நோயாளி அசைந்திருக்கிறார்; ஒரு சுற்றுக்கு நான்கைந்து நிமிடங்கள் ஆன காலம் அது.

பயிற்சிக்கு, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று எடுத்த முதல் நோயாளியின் படத்தைத் தேடிப் பாருங்கள். முன்மடலில் வட்டமான கருமை தெரியும். அந்த மருத்துவமனையின் ரேடியாலஜி மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் முன் வந்தது அதுதான். எனக்கு இன்றும் அந்தப் படம் சிலிர்ப்பைத் தருகிறது: அறுவை மருத்துவர் கத்தி வைக்குமுன்னே கட்டியின் இடம் கண்ணெதிரே நின்றது.

கட்டி மூளையின் நிறத்திலேயே ஒளிந்திருந்தால், அயோடின் மருந்தை இரத்தக்குழாயில் செலுத்தி மறுபடி எடுப்பார்கள். ஆம்ப்ரோஸே தொடக்கத்தில் கையாண்ட வழி. மருந்துக்கு முன் எடுத்த படத்தை இடப்புறமும் பின் எடுத்ததை வலப்புறமும் வைத்து, எந்தக் கட்டங்கள் வெளுத்தன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சிகிச்சைக்குப் பிந்தைய படத்துக்கும் இதே முறைதான். தேங்கிய மூளைநீரை வடிக்கக் குழாய் பொருத்தியவர் என்றால், அதே மட்டத்தில் எடுத்த பழைய வெட்டைப் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே வென்ட்ரிக்கிள் சுருங்கியது என்று எழுதுங்கள்.