ஊழியர் பயிற்சிக்கு மூடுல்: முதல் தடவை நிறுவுபவர்களுக்கு

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பயிற்சிப் பதிவேட்டைப் பார்த்தேன். நீளமான நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதி, தலைப்பு, கீழே வரிசையாகக் கையெழுத்துகள், நடுவில் சில கைநாட்டுகள். யார் வந்தார்கள் என்று அதில் இருந்தது. யாருக்கு என்ன புரிந்தது என்று இல்லை. அதற்கு முன் சந்தா கட்டி ஒரு இணையவழிச் சேவையை வைத்திருந்தார்கள். சந்தாவை நிறுத்தியதும் பாடங்களும் மதிப்பெண்களும் அதோடு போய்விட்டன.

நிறுவனங்கள் மூடுல் போன்ற ஓப்பன் சோர்ஸ் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) பயிற்சி மென்பொருள் பக்கம் வருவது இலவசம் என்பதற்காக மட்டும் அல்ல. சர்வருக்கும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவு தலைக்கு இவ்வளவு என்று ஏறாது. சந்தா சேவைக்கு ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். அந்தக் கணக்கு வந்தவுடன் பயிற்சிப் பட்டியலில் இருந்து முதலில் வெட்டுப்படுவது ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். இயந்திரத்துக்கு மிக அருகில் நிற்பவர்களும் அவர்கள்தான். எனக்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது, பாடமும் பதிவும் உங்கள் கையிலேயே இருக்கும்.

மூடுல் என்பது இணையம் வழியே பாடம் நடத்தி, கேள்வி கேட்டு, மதிப்பெண்ணைப் பதிவு செய்யும் மென்பொருள். அதை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், வானொலி வழியே பள்ளிப் பாடம் கேட்டு வளர்ந்தவர். முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் கிடைப்பதால் யாரும் நிறுவலாம், மாற்றலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 'மூடுல் ஒர்க்ப்ளேஸ்' என்பது தனி. அதைப் பங்குதார நிறுவனங்கள் வழியாகத்தான் பணம் கட்டி வாங்க வேண்டும். நாம் பார்க்கப்போவது எல்லோரும் இறக்கிக்கொள்ளக்கூடிய சாதாரண மூடுலை.

படி 1: சர்வர்

விபிஎஸ் என்று வாடகைக்குக் கிடைக்கும் சிறு சர்வர் போதும். 1 ஜிபி ரேமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர் என்பது மூடுல்காரர்களே சொல்லும் உத்தேசக் கணக்கு. ஷிப்டுக்கு 30 பேர் உட்கார்ந்தால் 4 ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு (இயங்குதளம்), பிஎச்பி (மூடுல் எழுதப்பட்ட நிரல்மொழி), மரியாடிபி (டேட்டாபேஸ்) மூன்றையும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். மூடுலின் 4.5 பதிப்பு 2024 அக்டோபரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு பிஎச்பி 8.1 முதல் 8.3 வரை ஏதாவது ஒன்று தேவை.

படி 2: நிறுவுதல்

மூடுல் கோப்புகளை சர்வரில் வைத்துவிட்டு பிரவுசரில் முகவரியைத் திறந்தால் நிறுவும் பக்கமே கேள்வி கேட்டு வழி நடத்தும். கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. ஏற்றும் கோப்புகளை மூடுல் சேமிக்கும் 'மூடுல்டேட்டா' என்ற கோப்புறை இணையத்தில் திறக்கும் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஊழியர் ஏற்றிய கோப்பை முகவரி தெரிந்த யாரும் எடுத்துவிட முடியும். அப்புறம் 'கிரான்': சர்வர் குறித்த இடைவெளியில் தானாகச் செய்யும் வேலை. நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும்படி அதை அமைத்துவிடுங்கள். கிரான் ஓடாவிட்டால் மின்னஞ்சல் போகாது, பாடம் முடித்தவருக்கு முடித்ததாகப் பதிவாகாது. மூடுல் வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

படி 3: தமிழ்

சைட் அட்மினிஸ்ட்ரேஷனில் லாங்குவேஜ் பேக்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அந்தச் சொற்களை லாங்குவேஜ் கஸ்டமைசேஷனில் நீங்களே மாற்றலாம். உங்கள் மில்லில் என்ன சொல் புழங்குகிறதோ அதையே போடுங்கள்.

படி 4: ஆட்களை ஏற்றுதல்

நம் ஊரில் எல்லோரும் தடுக்கி விழும் படி இது. 300 பேரை ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டாம். எக்செலில் பட்டியல் போட்டு 'அப்லோட் யூசர்ஸ்' வழியாக ஒரே தடவையில் ஏற்றலாம். தலைப்பு வரியில் யூசர்நேம், பாஸ்வேர்ட், ஃபர்ஸ்ட்நேம், லாஸ்ட்நேம், ஈமெயில் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) என்று கொடுக்காதீர்கள். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் முருகேசன், செல்வி எல்லோரும் கேள்விக்குறிகளாக வந்து நிற்பார்கள்.

லாஸ்ட்நேம் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை அங்கே போடுங்கள். பிறகு யூசர் பாலிசிஸ் பகுதியில் பெயர் வரிசையை மாற்றி இனிஷியல் முன்னால் வரும்படி செய்யலாம். தன் பெயர் திரையில் சரியாக, தமிழில் தெரிந்தால் ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். இதற்குப் பத்து நிமிடம் செலவழிப்பது தகும்.

ஈமெயிலும் கட்டாயம், ஆனால் பலருக்கு அது இருக்காது. 'மேனேஜ் ஆதன்டிகேஷன்' பக்கத்தில் ஒரே மின்னஞ்சலைப் பல கணக்குகளுக்கு அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி எச்.ஆர். மின்னஞ்சலையே எல்லோருக்கும் கொடுக்கலாம். யூசர்நேமுக்கு ஊழியர் எண்ணே நல்லது.

படி 5: ஒரே ஒரு பாடம்

எல்லாப் பாடத்தையும் முதல் மாதமே ஏற்றப் பார்க்காதீர்கள். பாதுகாப்பு பற்றி ஒன்று போதும்: நான்கு நிமிட வீடியோ, அதன் பின் ஐந்து கேள்விகள். வீடியோ பக்கத்தைத் திறந்த பிறகுதான் வினாடி வினா திறக்கும்படி 'ரெஸ்ட்ரிக்ட் அக்சஸ்' வைக்கலாம். பார்த்ததை முடித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்ச்சி மதிப்பெண் வைத்து, அதை எடுத்தால்தான் பாடம் முடிந்தது என்று அமையுங்கள்.

கேள்விகளை வேலை செய்யும் இடத்தில் நின்று எழுதுங்கள். அந்த மில்லில் நாங்கள் முதலில் வைத்த கேள்வி: "இயந்திரப் பாதுகாப்பு விதிமுறைகளில் முதன்மையானது எது?" பாதிப் பேருக்கு மேல் தவறு. தெரியாதவர்கள் இல்லை, கேள்விதான் புரியவில்லை. பிறகு இப்படி மாற்றினோம்: "மிஷின் ஓடும்போது ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டது. முதலில் என்ன செய்வீர்கள்?" கையால் எடுப்பேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன், மிஷினை நிறுத்துவேன் என்று மூன்று விடைகள். கையால் எடுப்பேன் என்று தேர்ந்தெடுத்தவர்கள் யார் யார் என்பது அன்று மாலை அறிக்கையில் இருந்தது. மறுநாள் சூப்பர்வைசர் அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று செய்து காட்டினார். நோட்டுப் பதிவேட்டால் இதைச் செய்திருக்க முடியாது.

கைநாட்டு வைத்தவர்களை விட்டுவிடாதீர்கள். கேள்விக்குள்ளேயே குரல் பதிவைச் சேர்க்கலாம், விடைகளைப் படமாகவும் வைக்கலாம்.

படி 6: பேக்கப், மீட்டெடுப்பு

மூடுல் நிரல் கோப்புகள், டேட்டாபேஸ், மூடுல்டேட்டா மூன்றையும் ஒரே நேரத்தில் நகல் எடுங்கள். டேட்டாபேஸோ மூடுல்டேட்டாவோ விட்டுப்போனால் முழுத் தளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவரும்போது உடனே போட ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். 4.5 பதிப்புக்கு இவை 2027 அக்டோபர் வரை வரும்.

நகல் எடுத்தாலே போதும் என்று நின்றுவிடாதீர்கள். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கும், அதில் மீட்டெடுத்துப் பாருங்கள். முதல் ஷிப்டில் ஒருவர் நேற்று எடுத்த மதிப்பெண் அந்தத் திரையிலும் அப்படியே தெரிய வேண்டும். தெரிந்ததா? சரி, இனி இரண்டாவது பாடத்தை ஏற்றலாம்.