டிகிரி முடித்துவிட்டு எஸ்.ஐ. ஆக எதிலிருந்து தொடங்குவது?

முன் அனுபவம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று: எஸ்.ஐ. (காவல் உதவி ஆய்வாளர்) நேரடித் தேர்வில் அதை யாரும் கேட்பதில்லை. ஒரு டிகிரி இருந்து, வயது 20 முதல் 30-க்குள் இருந்தால் போதும். பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 32, எஸ்.சி., எஸ்.டி.க்கு 35 வரை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரிய இணையதளத்தில் விண்ணப்பம் போடுவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது, அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகளை.

1. டேப்பை எடுங்கள்

ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் (எஸ்.சி., எஸ்.டி. 167), பெண்களுக்கு 159 (157). வெறுங்காலில், சுவரோடு ஒட்டி நின்று, வேறு ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு மார்பளவு 81. மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். இதில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வு மார்க் எதற்கும் உதவாது.

2. தமிழ்வழிச் சான்றிதழ்

என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு டிகிரி மட்டும் தமிழில் படித்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். அதாவது, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் இந்தச் சான்றிதழை வாங்க வேண்டும்.

நான் படித்த தொடக்கப் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரித்த பிறகுதான் அது இணைத்த பள்ளியின் பீரோவிலேயே இருப்பது தெரிந்தது. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) நகலைக் காட்டியதும் தலைமையாசிரியர் பெயரைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதனால் டி.சி. நகல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பள்ளிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பழைய பதிவேடு என்றால் நேரில் போவதே மேல்.

(பின்சேர்க்கை: ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மட்டும் ஆங்கில வழி என்றால் இந்த முன்னுரிமை கிடைக்குமா என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். கிடைக்காது. ஆனால் மற்ற இடங்களுக்கு வழக்கம்போலப் போட்டியிடலாம்.)

3. ஓட்டம், கயிறு

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி கணக்கு. முதல் சுற்றில் கூட்டத்தோடு சேர்ந்து பறப்பவர்கள்தான் மூன்றாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிரெட்மில்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மண் தரையும் செல்போன் ஸ்டாப்வாட்சும் போதும்.

ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் உண்டு. இதற்கு மார்க் போடுவது நட்சத்திரக் கணக்கில்: 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. உள்ளங்கை காய்த்துப்போக நாளாகும் என்பதால் ஓட்டத்தோடு சேர்த்தே தொடங்குங்கள்.

4. எழுத்து

தமிழ்த் தகுதித் தேர்வில் 100-க்கு 40 எடுக்க வேண்டும். இந்த மார்க் ரேங்க்கில் சேராது, ஆனால் இதில் தவறினால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் பேசுகிற தமிழ்தானே என்று விட்டவர்கள் இலக்கணக் கேள்விகளில் மாட்டுகிறார்கள். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் புத்தகங்களை முடிக்காமல் தடித்தடியான கைடு எதையும் வாங்காதீர்கள். முதன்மைத் தாளில் வரும் உளவியல், தர்க்கக் கேள்விகளுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி வேண்டும்.

5. வழக்கு விவரம்

கல்லூரிப் போராட்டத்தில் பெயர் சேர்ந்த ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். காவல்துறை சரிபார்ப்பில் எப்படியும் வெளியே வரும். மறைத்தார் என்பதற்காகவே தேர்வு ரத்தாகலாம். வழக்கு முடிந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரத் தாமதமாகும்.